மாதச் சந்தாவுக்கு என்ன கிடைக்கிறது? யாழ்ப்பாணத்து ஆசிரியர் சங்கங்களின் சேவை

சம்பளப் பட்டியலின் கழிவுப் பக்கத்தில், விதவைகள் அநாதைகள் ஓய்வூதியத்துக்கும் இடர்கடன் தவணைக்கும் அக்ரஹார மருத்துவக் காப்புறுதிக்கும் நடுவில், ஒரு சின்னத் தொகை மாதாமாதம் போய்க்கொண்டிருக்கும். அதுதான் சங்கச் சந்தா. காசு கொடுத்துப் பெறுகிற சேவை என்றால் அதையும் மற்றச் சேவைகளைப் போலவே நிறுத்துப் பார்க்கலாம். எதற்குப் போனால் வேலை முடிகிறது, எதற்குப் போனால் நாள்தான் போகிறது என்று தெரிந்துகொண்டு போகிற ஆசிரியருக்கே அந்தச் சந்தா திரும்பி வருகிறது.

யாழ்ப்பாணம், வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி, தீவகம் என்று மாவட்டத்தில் ஐந்து கல்வி வலயங்கள். இலங்கை ஆசிரியர் சங்கம், இலங்கைத் தமிழர் ஆசிரியர் சங்கம், இலங்கை ஆசிரியர் சேவைச் சங்கம் ஆகியவை இங்கே அடிக்கடி காதில் விழும் பெயர்கள். எது நல்லது என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில்தான். பெயரைப் பார்க்காதீர்கள், உங்கள் வலயத்துச் செயலாளரைப் பாருங்கள். சுற்றுநிருப இலக்கம் சொல்லிக் கதைக்கிறவரா, பணிமனையில் எந்த மேசையில் எந்தக் கோவை இருக்கும் என்று அறிந்தவரா, தொலைபேசியை எடுக்கிறவரா என்பதே முக்கியம். ஒரே சங்கத்தின் ஒரு வலயக் கிளை உயிரோடு இருக்கும், பக்கத்து வலயத்தில் பெயர்ப்பலகை மட்டும் இருக்கும்.

மூன்று வரியில் மதிப்பீடு வேண்டுமென்றால்: சம்பள நிலுவை, பதவியுயர்வுக் கோவை, சுற்றுநிருப விளக்கம் ஆகியவற்றில் மிக நன்று. இடமாற்றத்தில் நடுத்தரம். ரியூட்டரி (தனியார் வகுப்பு நிலையம்), தனியார் பாடசாலை, முன்பள்ளி ஆசிரியர்களுக்கு அநேகமாக ஒன்றுமில்லை.

சேர்வது எளிது. விண்ணப்பப் படிவத்தோடு, சம்பளத்திலிருந்து சந்தாவைக் கழிக்கச் சம்மதம் தெரிவிக்கும் படிவத்திலும் கையொப்பம் வைக்க வேண்டும். அது வலயக் கல்விப் பணிமனையின் கணக்குக் கிளைக்குப் போகும். இரண்டு மாதத்துக்குள் பட்டியலில் கழிவு விழவில்லை என்றால் படிவம் எங்கோ தங்கிவிட்டது என்று பொருள். வலயம் மாறும்போதுதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். கிளிநொச்சியிலிருந்து வலிகாமத்துக்கு வந்தவரின் கழிவு பழைய வலயத்தோடு நின்றுவிடும், புதிய வலயத்தில் தானாகத் தொடங்காது. ஒரு வருடம் கழித்துப் பிரச்சினையோடு போனால், நீங்கள் இப்போது உறுப்பினரே இல்லை என்ற பதில் வரும். ஆகவே இடமாற்றம் கிடைத்த மாதமே புதிய சம்மதப் படிவம் கொடுத்துவிடுங்கள். பழைய வலயத்திலிருந்து இறுதிச் சம்பளச் சான்றிதழும் சுயவிபரக் கோவையும் போய்ச் சேர்ந்தனவா என்பதையும் அன்றே கேளுங்கள். அந்தச் சான்றிதழ் பிந்தினால் சம்பளமே பிந்தும். இதைத் துரத்திப் பிடித்துக் கொடுப்பதில் நல்ல கிளைச் செயலாளர்கள் கெட்டிக்காரர்கள். இரண்டு வலயத்துக் கணக்குக் கிளைகளோடும் ஒரே நாளில் கதைக்க ஒரு ஆசிரியரால் முடியாது, பாட நேரம் விடாது.

இனிச் சம்பளம். சங்கத்தின் பெறுமதி அதிகம் தெரியும் இடம் இதுதான்.

இலங்கை ஆசிரியர் சேவையின் தற்போதைய பிரமாணக் குறிப்பு (சேவை விதிகளைச் சொல்லும் ஆவணம்) 2014 ஒக்டோபரில் வர்த்தமானியில் வந்து, 2008 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்ததாகக் கொள்ளப்பட்டது. ஆறு வருடம் பின்தேதியிட்ட அந்த ஒன்றே எத்தனையோ பேரின் தரத்தையும் சம்பளப் படியையும் திரும்பக் கணக்கிட வைத்தது. அதன் மேல் 2022 ஜனவரியில் ஆசிரியர் அதிபர் சம்பள மாற்றம் வந்தது. 2025 வரவு செலவுத் திட்டத்தில் அரச சேவையின் ஆகக்குறைந்த அடிப்படைச் சம்பளம் 24,250 ரூபாவிலிருந்து 40,000 ரூபாவாக உயர்த்தப்பட்டு, 2025 ஏப்ரல், 2026 ஜனவரி, 2027 ஜனவரி என மூன்று கட்டமாகக் கொடுப்பது என்று வந்தது. ஒவ்வொரு மாற்றமும் முந்தைய படியின் மேல்தான் ஏறி நிற்கிறது. கீழ்ப்படி பிழையென்றால் மேலே உள்ள அத்தனையும் பிழை. ஓய்வூதியமும் கடைசிச் சம்பளத்தை வைத்துத்தான் கணக்கிடப்படும் என்பதால் அந்தப் பிழை வீட்டுக்கும் கூடவே வரும்.

ஒரு மாதிரிக் கணக்கு. தொகைகள் விளக்கத்துக்காக மட்டும். 2021 மார்ச்சில் கிடைக்கவேண்டிய தர உயர்வுக்கான கடிதம் 2024 ஜூலையில் கைக்கு வருகிறது. இடையில் 40 மாதம். பழைய அளவுத்திட்டத்தில் மாத வித்தியாசம் 1,500 ரூபா என்று வையுங்கள். மேசையில் இருப்பவர் 1,500ஐ 40ஆல் பெருக்கி 60,000 ரூபா நிலுவை என்று எழுதிவிடுவார். அது பிழை. 2021 மார்ச் முதல் டிசம்பர் வரை 10 மாதம் பழைய அளவுத்திட்டம், 15,000. 2022 ஜனவரியிலிருந்து அளவுத்திட்டம் மாறியதால் வித்தியாசமும் மாறும். அது 2,100 என்றால் 30 மாதத்துக்கு 63,000. மொத்தம் 78,000. ஒரே பெருக்கலில் 18,000 ரூபா காணாமற் போகிறது. அதோடு, உயர்ந்த தரத்தில் வருடாந்த சம்பள ஏற்றத்தின் தொகையும் வேறு. அதைத் தனியே கூட்ட வேண்டும்.

இந்தக் கணக்கைச் சங்கம் செய்து கொடுக்கும். ஆனால் வெறுங்கையோடு போனால் செய்யாது, செய்யவும் முடியாது. எடுத்துப் போகவேண்டியவை: முதல் நியமனக் கடிதம், கடமையேற்ற கடிதம், நியமனம் உறுதிப்படுத்திய கடிதம், இதுவரை கிடைத்த ஒவ்வொரு தர உயர்வுக் கடிதமும், தொழில்சார் தகைமைச் சான்றிதழ் (கல்வியியற் கல்லூரி டிப்ளோமாவோ பட்டப்பின் கல்வி டிப்ளோமாவோ), மொடியூல் (தர உயர்வுக்கு வேண்டிய பயிற்சித் தொகுதி) முடித்ததற்கான சான்று, ஒவ்வொரு சம்பள மாற்றத்துக்கும் முந்தைய மாதத்தினதும் பிந்தைய மாதத்தினதும் சம்பளப் பட்டியல். கடைசியாகச் சொன்னதுதான் பலரிடம் இருக்காது. 2021 டிசம்பர், 2022 ஜனவரி, 2025 மார்ச், 2025 ஏப்ரல் என்று இந்த நான்கு தாளும் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

தர உயர்வு பிந்துவதற்குப் பெரும்பாலும் தகைமைக் குறைவு காரணமில்லை. கோவையில் ஒரு தாள் குறைவதுதான் காரணம். சம்பள ஏற்றம் ஒரு வருடம் அங்கீகரிக்கப்படாமல் விட்டுப்போயிருக்கும். மொடியூல் சான்று பாடசாலையில் கொடுக்கப்பட்டு வலயத்துக்குப் போயிராது. விண்ணப்பம் பாடசாலை, கோட்டம், வலயம், மாகாணக் கல்வித் திணைக்களம் என்று ஏறும்போது எங்கோ ஒரு படியில் குறைபாட்டுக் கடிதத்தோடு திரும்பி, அந்தக் கடிதம் அதிபரின் மேசையிலேயே கிடக்கும். சங்கம் உண்மையில் விற்பது இந்த அறிவைத்தான்: எந்தப் படியில் நிற்கிறது என்பதை.

அதைச் சங்கம் இல்லாமலே அறிய ஒரு வழி இருக்கிறது. நல்ல கிளைகள் இதைத் தாமே உறுப்பினருக்குச் சொல்லிக் கொடுக்கின்றன. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் வலயக் கல்விப் பணிமனையின் தகவல் அலுவலருக்கு விண்ணப்பம் கொடுங்கள். ஏன் எனக்குத் தரவில்லை என்று கேட்கக் கூடாது, அது முறைப்பாடு. எனது விண்ணப்பம் மாகாணத் திணைக்களத்துக்கு அனுப்பப்பட்ட திகதி என்ன, அனுப்பிய கடிதத்தின் இலக்கம் என்ன, குறைபாடு சுட்டிய கடிதம் இருந்தால் அதன் பிரதி என்று கேளுங்கள். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, அதற்கும் பிறகு தகவலறியும் உரிமை ஆணைக்குழு. கேள்வி பதிவான அந்த வாரத்திலேயே கோவை நகரத் தொடங்குவதும் உண்டு.

கடிதம் எழுதும் முறையிலும் பிழை விடுகிறோம். எல்லாக் கடிதமும் அதிபர் ஊடாகத்தான் போகவேண்டும், சரி. ஆனால் அதே நாளில் முற்பிரதி ஒன்றைப் பதிவுத் தபாலில் வலயக் கல்விப் பணிப்பாளருக்கு அனுப்பிப் பற்றுச்சீட்டை வைத்திருங்கள். அதிபர் மேசையில் கடிதம் தங்கினாலும் திகதி உங்கள் கையில் இருக்கும். சங்கத்துக்கும் ஒரு பிரதி. வாயால் சொன்ன முறைப்பாட்டை வைத்துக்கொண்டு எந்தச் செயலாளராலும் பணிப்பாளர் முன் உட்கார முடியாது.

மகப்பேற்று விடுமுறையும் சம்பளத்தோடு சேர்ந்ததே. முழுச் சம்பளத்தோடு 84 நாட்கள் என்பது வேலை நாட்கள். சனி, ஞாயிறு, பொது விடுமுறை அதில் சேராது. நாட்காட்டியில் 84ஐ எண்ணி, மிகுதியை அரைச் சம்பள விடுமுறைக்குள் தள்ளிவிட்டால் வீட்டில் கைக்குழந்தையோடு இருக்கும் ரீச்சருக்கு அது தெரியவும் வராது. இந்தப் பிழையைச் சங்கத்திடம் சொன்னால் ஒரே கடிதத்தில் திருத்திவிடுவார்கள்.

சுற்றுநிருபங்களைத் தமிழில் விளக்கிச் சொல்வதையும் தனியே பாராட்ட வேண்டும். வடக்கு கிழக்கில் தமிழே நிர்வாக மொழி என்று அரசியலமைப்பு சொன்னாலும் கொழும்பிலிருந்து முதலில் வருவது சிங்களப் பிரதிதான். வட்ஸ்அப்பில் அரைகுறையாகச் சுற்றும் மொழிபெயர்ப்பை நம்பி விண்ணப்பத் திகதியைத் தவறவிட்டவர்கள் அநேகம். சங்கத் தலைமையகத்தோடு தொடர்புள்ள கிளை, அன்றைக்கே சரியான விளக்கத்தை அனுப்புகிறது. சந்தாவுக்கு இதுவே போதும் என்றுகூடச் சொல்லலாம்.

இடமாற்றத்துக்கு வருவோம். 2007ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சுற்றுநிருபம் தேசிய ஆசிரியர் இடமாற்றக் கொள்கையைச் சொல்கிறது. இடமாற்றச் சபைகளில் சங்கங்களுக்கு இடம் உண்டு. காகிதத்தில் இது பெரிய பலம். நடைமுறையில் இங்கேதான் சங்கம் தன் உறுப்பினருக்குள்ளேயே மாட்டிக்கொள்கிறது. வன்னியில் வருடக்கணக்காக இருந்துவிட்டு ஊருக்கு வரக் காத்திருப்பவரும் சந்தா கட்டுகிறார், நகரத்துப் பெரிய பாடசாலையில் நீண்டகாலம் இருந்து அசைய விரும்பாதவரும் சந்தா கட்டுகிறார். ஒருவர் வர மற்றவர் போகவேண்டும். இரண்டு பேருக்காகவும் ஒரே வாயால் வாதாட முடியாது. தீவகத்திலும் இதே கதை. குறிகட்டுவானில் வள்ளம் பிடித்து நெடுந்தீவுக்குப் போகிற ஆசிரியருக்குப் பதிலாகப் போக யாரும் முன்வராதவரை அவருடைய விடுவிப்பு கடிதத்திலேயே இருக்கும். பதிலாள் வந்தபின் விடுவிக்கவும் என்ற ஒரு வரி எத்தனை இடமாற்றக் கடிதங்களைச் செல்லாக்காசு ஆக்கியிருக்கிறது!

ஆகவே வருடாந்த இடமாற்றத்தில் சங்கத்தை நம்பி இருப்பதைவிட, விண்ணப்பத்தைப் புள்ளிகளோடும் ஆதாரத்தோடும் சரியாக நிரப்புவதே முதல் வேலை. மருத்துவக் காரணம் என்றால் மருத்துவ அறிக்கை, பிள்ளையின் காரணம் என்றால் பிறப்புச் சான்று, தூரம் என்றால் கிராம சேவையாளரின் வதிவிட உறுதி. சபைக் கூட்டத்துக்கு முன்னே விண்ணப்பப் பிரதியைச் சங்கப் பிரதிநிதியின் கையில் கொடுங்கள். பட்டியல் வெளிவந்தபின் கொடுத்தால் அவர் செய்யக்கூடியது மேன்முறையீட்டுக் கடிதம் எழுதுவது மட்டும்.

பழிவாங்கலாக, நடுவருடத்தில், காரணமின்றி வரும் இடமாற்றம் வேறு விடயம். இதில் சங்கங்கள் விடுகிற ஒரு பெரிய பிழையைச் சொல்லியே ஆகவேண்டும். பொறுங்கள், பணிப்பாளரோடு கதைத்துப் பார்ப்பம் என்று சொல்லி வாரங்களைக் கடத்துகிறார்கள். அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரையின் கீழ் அடிப்படை உரிமை மனுவை உயர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய ஒரு மாதம்தான் அவகாசம். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின்படி, விசாரணை நடக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது. ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகம் யாழ்ப்பாணத்திலேயே இருக்கிறது. கதைப்பதைச் சங்கம் கதைக்கட்டும். முறைப்பாட்டை நீங்கள் மூன்றாவது வாரத்துக்குள் கொடுத்துவிடுங்கள். கதை சரிவந்தால் மீளப் பெறலாம், ஒரு மாதம் கடந்தால் அந்தக் கதவு திரும்பத் திறக்காது.

பாடசாலைக்குள் நடக்கும் சிக்கல்களில் சங்கத்தின் உதவி ஆளைப் பொறுத்து ஏறி இறங்குகிறது. அதிபர் வாய்மொழியாகக் கட்டளை இடுவார், பிரச்சினை வந்தால் தான் சொல்லவில்லை என்பார். கட்டளையை எழுத்தில் கேளுங்கள், தராவிட்டால், இன்ன திகதியில் இவ்வாறு சொன்னீர்கள், அதன்படி செய்கிறேன் என்று நீங்களே ஒரு கடிதம் கொடுங்கள். பாடசாலை நிகழ்வுகளை அதிபர் பதியும் சம்பவத் திரட்டுப் புத்தகத்தில் உங்களைப் பற்றி எழுதினால் வாசித்துப் பார்க்காமல் கையொப்பம் வைக்க வேண்டாம். உடன்படவில்லை என்றால் அதையும் எழுதிக் கையொப்பமிடுங்கள்.

ஒழுக்காற்று நடவடிக்கை, அரச ஊழியருக்கான தாபன விதிக்கோவையின் இரண்டாம் தொகுதி, 48ஆம் அத்தியாயப்படி நடக்கிறது. ஆரம்ப விசாரணை, குற்றப்பத்திரிகை, முறைசார் விசாரணை என்பது ஒழுங்கு. முறைசார் விசாரணையில் உங்களுக்காக வாதாட ஒருவரை வைத்துக்கொள்ளலாம், அனுபவமுள்ள சங்க உறுப்பினர் ஒருவர் கிடைத்தால் அதிர்ஷ்டம். ஆனால் பெரும்பாலான வழக்குகள் பாழாவது முதற்கட்டத்தில்தான். ஆரம்ப விசாரணையை வெறும் விசாரிப்பு என்று நினைத்து, தனியே போய், பதற்றத்தில் வாக்குமூலம் கொடுத்துவிடுகிறார்கள். பிறகு குற்றப்பத்திரிகை எழுதப்படுவது அந்த வாக்குமூலத்தை வைத்துத்தான். அழைப்புக் கடிதம் வந்த அன்றே சங்கத்துக்கு அறிவியுங்கள்.

பாலியல் தொந்தரவு பற்றிய முறைப்பாடுகளைச் சில கிளைகள் உள்வீட்டு விடயமாக்கிச் சமாதானம் பேசப் பார்க்கின்றன. இதற்குச் சங்கத்தை மட்டும் நம்பக் கூடாது. 1995இல் திருத்தப்பட்ட தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவின் கீழ் அது குற்றம், பொலிஸ் நிலையத்தில் முறையிடும் உரிமை யாருடைய அனுமதிக்கும் காத்திருக்காது. கிளைகளின் நிர்வாகக் குழுக்களில் பெண்கள் கூடினால் இந்த நிலை மாறும். பாடசாலைகளில் பெரும்பான்மை ரீச்சர்மார், மேடையில் இருப்பது பெரும்பாலும் சேர்மார்.

கூட்டுப் போராட்டத்தைப் பற்றி நீளமாகச் சொல்லத் தேவையில்லை, கணக்கு வெளிப்படை. 2021 ஜூலை 12இல் தொடங்கிய இணையவழிக் கற்பித்தல் புறக்கணிப்பு ஒக்டோபர் வரை நீண்டது. 1997 முதல் இழுபட்ட சம்பள முரண்பாட்டுக்கு, அதை ஆராய்ந்த சுபோதினி குழு பரிந்துரைத்த உயர்வில் மூன்றில் ஒரு பங்கு அதனால் 2022 ஜனவரியில் கிடைத்தது. மிகுதி மூன்றில் இரண்டைக் கேட்டு 2024 ஜூன் 26இல் நாடு முழுவதும் சுகயீன விடுமுறைப் போராட்டம் நடந்தது. மூன்று மாதம் பிடிவாதமாக நின்றதற்கு மூன்றில் ஒன்று. சந்தா கட்டாதவரும் அந்த உயர்வைப் பெற்றார் என்பது சந்தா கட்டுகிறவரின் நியாயமான மனக்குறை.

அரச சேவைக்கு வெளியே வந்தால் படம் இருட்டு. யாழ்ப்பாணத்து ரியூட்டரிகளில் கட்டணத்தில் பங்கு என்று வாங்கும் ஆசிரியர்கள், தனியார் பாடசாலைகளில் மாதச் சம்பளத்துக்கு இருப்பவர்கள், முன்பள்ளி ஆசிரியைகள் எல்லோரும் கல்வித் தொழிலாளர்தான். அரச ஆசிரியர் சங்கங்கள் இவர்களை உறுப்பினராக எடுப்பதில்லை. இவர்களுடைய முகவரி தொழில் திணைக்களத்தின் யாழ்ப்பாண அலுவலகம். மாதச் சம்பளக்காரருக்கு ஊழியர் சேமலாப நிதி ஊழியர் 8, தொழில்தருநர் 12 வீதம். ஊழியர் நம்பிக்கை நிதியம் தொழில்தருநர் மட்டும் 3 வீதம். 2026 ஜனவரியிலிருந்து தேசிய ஆகக்குறைந்த மாத வேதனமான 30,000 ரூபாவை வாங்குபவருக்கு முறையே 2,400, 3,600, 900 ரூபா. அந்த 900ஐயும் 3,600ஐயும் உங்கள் சம்பளத்திலிருந்தே வெட்டினால் அது சட்டவிரோதம். பயிற்சிக்காலம், தற்காலிகம் என்ற சாட்டும் செல்லாது. ஒரு விலக்கு உண்டு: பத்துப் பேருக்குக் குறைந்த ஊழியரைக் கொண்ட தர்ம நிறுவனங்கள் சேமலாப நிதிக்குள் வராது. கோயிலோ தேவாலயமோ சனசமூக நிலையமோ நடத்தும் முன்பள்ளி ஆசிரியை முறையிடுமுன் இதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். 15 பேருக்குக் குறையாத இடத்தில் ஐந்து வருடம் முடித்தவருக்குப் பணிக்கொடை வருடத்துக்கு அரைமாதச் சம்பளம். 30,000 ரூபாவில் எட்டு வருடம் என்றால் 120,000.

இவர்களுக்கென ஒரு சங்கம் தொடங்குவது கனவில்லை. 1935ஆம் ஆண்டின் தொழிற்சங்கக் கட்டளைச் சட்டப்படி பதிவுக்கு ஏழு பேர் போதும். ஒரு நிறுவனத்தின் ஊழியரில் 40 வீதத்தினர் சேர்ந்துவிட்டால் அந்தச் சங்கத்தோடு பேச மறுப்பது, கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தின் 1999ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி நியாயமற்ற தொழில் நடவடிக்கை. தனியார் பாடசாலை ஒன்றில் இருபது ஆசிரியர் என்றால் எட்டுப் பேர். அந்த எட்டுப் பேரையும் திரட்டிக் கொடுக்க, அனுபவமுள்ள அரச ஆசிரியர் சங்கங்கள் ஒரு பின்னேரத்தை ஒதுக்கினால் என்ன?

கடைசியாகத் தொண்டர் ஆசிரியர்கள். போர்க்காலத்திலும் அதன் பின்னும் வன்னியிலும் தீவுகளிலும் சம்பளமின்றிப் படிப்பித்தவர்கள். நிரந்தர நியமனம் கேட்டு அவர்கள் வீதியில் நின்றபோது சங்கங்களும் குரல் கொடுத்தன. ஆனால் நேர்முகத் தேர்வில் கேட்கப்படுவது குரலை அல்ல, வரவுப் பதிவேட்டை. இப்போதும் தொண்டராக ஒரு பாடசாலைக்குப் போகிறவர் செய்யவேண்டியவை சில: தினமும் வரவேட்டில் கையொப்பம், ஒவ்வொரு தவணை முடிவிலும் அந்தப் பக்கங்களின் போட்டோப் பிரதியில் அதிபரின் கையொப்பமும் முத்திரையும், உங்கள் பெயர் உள்ள நேரசூசியின் பிரதி, நீங்கள் கடமையைத் தொடங்கிய திகதி சம்பவத் திரட்டில் பதியப்பட்ட பக்கத்தின் பிரதி. அதிபர் மாறிப் போகுமுன் இவற்றை வாங்கிவிடுங்கள். ஒரு தொகுதியைச் சங்கக் கிளையில் கொடுத்து, பெற்றுக்கொண்டதாகத் திகதியோடு எழுதி வாங்குங்கள்.